பதினொரு மாதக் கணக்கு

எங்க்ஹாய்சன் துறையில் மரக்கணக்கு எழுதுகிறவன் நான்.

எண்ணூற்று நாற்பது கருவாலி மரங்கள்
தெப்பமாய்க் கட்டுண்டு ரைன் நதியில் வந்தன.
மூன்று கோடை உலரட்டும் என்றான் தச்சன் விகர்ட்.
மூன்று வாரம்கூடப் போர் பொறுக்காது என்றார்கள்.
ரம்பம் பட்ட இடமெல்லாம் சாறு கசியக் கசிய
பச்சை மரத்திலேயே ஏரா வைத்தோம்.
பெயர்: சாம்பல் நாரை.

பீரங்கிகள் முப்பத்தெட்டு.
அவற்றில் பன்னிரண்டு, நகர மதிலிலிருந்து இறக்கியவை;
ஒன்றின் குண்டு இன்னொன்றின் வாய்க்குள் போகாது.
அணியத்தில் கழுத்து நீட்டிய நாரைக்குப்
பொன்முலாம் பூசியவள் ஹில்லெட்யே.
கூலி அறுபத்திரண்டு கில்டர்.
பாக்கி.

பிப்ரவரியில் பனிக்கட்டியை உடைத்து நீரில் இறக்கினோம்.
பாய்கள் காற்றை வாங்கியதும்
கரையில் ஒருவரும் பேசவில்லை.
நானும்தான்,
ஒவ்வோர் ஆணியின் விலையும் தெரிந்த நானும்தான்.

முதல் வாரமே அடித்தளத்தில் இரண்டு முழம் தண்ணீர்.
மே மாதம் நடுப்பாய்மரம் விரிசல்.
ஆகஸ்டில், மூடுபனியில், ஒரு நிழலைக் கண்டு சுட்டது.
வாழ்நாளில் அது சுட்ட ஒரே குண்டு
நம்மூர் மீன்படகின் வயிற்றில்.
நஷ்ட ஈடு: ஏழு பீப்பாய் ஹெரிங், ஒரு கால்சட்டை.
எதிரி அதைப் பார்த்ததே இல்லை.

டிசம்பரில், வ்லீ முகத்துக்கு வெளியே, வடமேற்குக் காற்றில்
நங்கூர வடம் அறுந்தது.
(மலிவாக வாங்கிய வடம். வாங்கியது நான்.)
பிறகு மணல்திட்டு.
நூற்று நாற்பது பேரில் ஒன்பது பேர் கரை சேர்ந்தார்கள்.

கப்பல் முடிகிற நாளோடு சம்பளம் முடியும். விதி அப்படி.

எந்த நாள்?
பதினான்காம் தேதி இரவு என்கிறான் சமையற்காரன்.
நள்ளிரவு மணி கேட்டது, அதன் பிறகுதான் என்கிறான் பையன் யெல்மர்.
புயலில் மணி தானாகவும் அடிக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஆஃப்யே நிற்கிறாள்.
கணவனின் பெயரைச் சொல்லவில்லை. தேதியைக் கேட்கிறாள்.
ஒரு நாள் கூலி ஏழு ஸ்டைவர்.
நூற்று முப்பத்தொரு ஏழுகள்; மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்:
நாற்பத்தாறு கில்டருக்கு மூன்று ஸ்டைவர் குறைவு.
நாரையின் முலாமைவிட மலிவு.

பதினைந்து என்று எழுதினேன்.
மை காய, கிண்ணத்திலிருந்து மணலை அள்ளித் தூவினேன்,
கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது.

வரிசையில் அடுத்து ஹில்லெட்யே.
கையில் அதே ரசீது,
நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பொன்.