நோடோணா

கக்கதாசபுராவில் மூன்றாவது மாடி,
ஒற்றைப் படுக்கையறை, லிஃப்ட் கிடையாது.
தவணை இருபத்து மூவாயிரத்து நானூறு.
வாடகை பதினாலாயிரம்.
நடுவிலிருக்கும் பள்ளத்தில்
என் ராத்திரி ஷிஃப்ட்.

"ஒண்ணுல தொடங்குங்க மேடம்,
அஞ்சு வருஷத்துல நாலாயிடும்"
என்ற புரோக்கர் முனிராஜு
இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியபின்
போன் எடுப்பதில்லை.

ஒன்றாம் தேதி பத்து பன்னிரண்டுக்கு
ரஞ்சிதா பெஹரா பணம் போடுகிறாள்.
பத்து பதிமூன்றுக்கு அது
மர்ஃபி டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின்
ஓனருக்குப் போய்விடுகிறது.
ஒரு நிமிஷம் நான் சொத்துக்காரி.

மார்கழியில் ஒரு காலை அழைத்தாள்.
கீசர் சூடாகவில்லை, குழந்தைக்குச் சளி.
என் வாய் திறந்தது.
"நோடோணா" என்றது.

ஆறு வருஷமாய் ஒழுகும் என் குழாய்க்கு
நஞ்சுண்டப்பா சொல்லும் அதே சொல்,
அதே இழுப்பு,
கடைசியில் அந்தச் சின்ன இருமல்கூட.

ஞாயிறன்று பஸ் பிடித்துப் போனேன்.
பையில் கீசர் காயில், ஆயிரத்து நூற்றைம்பது.
மாட்டுகிறவனுக்கு நானூறு.
ரஞ்சிதா டீ கொடுத்தாள்.
நின்றபடியே குடித்தேன்,
அந்த வீட்டில் உட்காரச் சொல்ல வேண்டியது
அவளா நானா
என்று இருவருக்குமே தெரியவில்லை.

வெந்நீர் வந்தது.
குழந்தை குழாயைப் பார்த்துக் கைதட்டியது.

திரும்பி வந்து
நிரம்பியிருந்த பக்கெட்டைக் கவிழ்த்து
மறுபடி அதே இடத்தில் வைத்தேன்.
இந்த மாசம் எவ்வளவு துண்டு விழும் என்று
இருட்டில் படுத்துக் கூட்டினேன்.
பாதியில் விட்டுப்போனது.
சொட்டு
விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது.