ஜீரோ கேட்டுக்கு முன்னால்

எடைமேடைச் சீட்டின் முதுகில்
எத்திராஜ் கோடு போடுகிறான்.
அகமதாபாத் வரை ரயில்,
அங்கிருந்து வாடகை பொலேரோ.
முதல் நாள் வேளாவதார், வெளிமான்.
மறுநாள் கட்ச் உப்புவெளி, காட்டுக்கழுதை.
“கழுதைய பாக்க அவ்ளோ தூரமா?”
பக்கத்து வண்டி ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

எண்ணூர் சாலையில்
நேற்று சாயங்காலம் நின்ற இடத்திலேயே
நிற்கிறது எங்கள் டிரெய்லர்.
முன்னால் கன்டெய்னர். பின்னால் கன்டெய்னர்.
இடப்பக்கம் கருங்கல்லுக்கு அப்பால் கடல்,
சத்தம் மட்டும்.

நான்காம் நாள் ஜெய்சால்மர் தாண்டி
பாலைவனப் பூங்கா.
கானமயில், அதிர்ஷ்டம் இருந்தால்.
ஆளுக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்றேன்.
பத்தாக்கினான்.
கொருக்குப்பேட்டைக்காரன்,
லாரித் தண்ணிக்குக் குடம் வைத்து வளர்ந்தவன்,
அந்தக் கணக்கில் நான் வாய் திறப்பதில்லை.

ஐந்தாம் நாளுக்கு ஊர் பெயரே இல்லை.
“சும்மா ஓட்டுவோம்.
முன்னாடி ஒரு வண்டி இல்லாத ரோட்டுல
டாப் கியர்ல ஒரு மணி நேரம்.”
சொல்லும்போதே
அவன் இடது கால்
அணைந்த வண்டியின் கிளட்சை
மிதித்து விட்டது.

விடியற்காலை வரிசை நகர்ந்தது.
கேட்டில் சீட்டை வாங்கி
முத்திரை குத்தித் தந்தார்கள்.
மை பின்பக்கம் ஊறி
ஆறாம் நாள் அழிந்துவிட்டது.
எங்கே போவதாக இருந்தோம் என்று
யார்டு வரைக்கும் தகராறு.