விதி பதினான்கு

நெலிடா எச்செவெரி அவர்களுக்கு,
பைசாந்தூ நகரம், துறைமுகத் தெரு மருந்துக்கடை.

உங்களை வெளியே அனுப்பிய விதியை
எழுதியவன் நான்.
பிறகு அதை அடித்தவனும் நானே.
மாண்டிவிடியோவில், மூன்றாம் மாடியில்,
விதியை மாற்ற
ஒரு சிவப்புப் பேனா போதும்.

‘ஐந்து இரவு வென்றவர்
ஆறாம் இரவு வரலாகாது.’
அவ்வளவுதான் விதி பதினான்கு.
அரங்கத்தில் அதை வாசித்தபோது
எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.
நீங்கள் மட்டும்
இன்னொரு கேள்வி வரும் என்பதுபோல்
மணியின் மேல் விரலை வைத்தபடி நின்றீர்கள்.
விளக்குக்காரர் அனிபால்
அணைக்கலாமா என்று என்னைப் பார்த்தார்.

மற்றவர்க்கும் வாய்ப்பு வேண்டும் என்று
பத்திரிகைகளுக்குச் சொன்னோம்.
உண்மை வேறு.
இரவுக்கு ஒரு குளிர்பெட்டி பரிசு.
ஓர் ஆளுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது
என்று கம்பெனி சொல்லிவிட்டது.
எங்கள் நியாயத்தின் உயரம் ஒன்றரை மீட்டர்,
கதவைத் திறந்தால் உள்ளே விளக்கெரியும்.

(ஐந்தையும் என்ன செய்தீர்கள்?
ஒன்றில் இன்சுலின் வைத்திருக்கிறீர்கள்
என்று கேள்விப்பட்டேன்.)

அடுத்த மார்ச்சில் கம்பெனி போனது,
வங்கி வந்தது.
வங்கிக்குப் பெரிய எண்கள் பிடிக்கும்.
பதினான்கை அடித்தேன்,
புறனடை ஏதும் எழுதாமல்.
அதோடு வேறு சிலவும் போயின.
கேள்வி முடியும்வரை பொறுக்க வேண்டாம் இப்போது.
தவறுக்குத் தண்டம் இல்லை.
பித்தளை மணி இருந்த இடத்தில் பச்சைப் பொத்தான்,
அழுத்தினால்
வாத்தை மிதித்தது மாதிரி ஒரு சத்தம்.

அப்புறம்தான் வந்தான் வாஷிங்டன் பெர்டோமோ.
டயர் விற்பவன்.
உங்கள் ஊருக்கு ஆகாத சால்ட்டோக்காரன் வேறு.
முப்பத்தொரு இரவு!
‘எந்த ஆற்றின்’ என்பதற்குள் வாத்து கத்தும்.
தெரிந்தாலும் அடிப்பான்,
தெரியாவிட்டாலும் அடிப்பான்,
தப்பானால் தொடையில் தட்டிச் சிரிப்பான்.
நாடே அவன்மேல் பைத்தியமாக இருந்தது.
நானும்தான், மறைப்பானேன்.

முப்பத்திரண்டாம் இரவு
மினாஸிலிருந்து வந்த ஒரு பத்திர எழுத்தர்
அவனைத் தோற்கடித்தார்.
அப்போது அவன் முகத்தில் ஒன்று வந்தது.
உங்கள் முகத்தில் நான் பார்க்காதது.
எப்படிச் சொல்வது,
நாள் முழுக்கப் போட்டிருந்த
இறுக்கமான செருப்பைக் கழற்றியவன் முகம்.
பொத்தானைத் தானே ஒருமுறை சும்மா அழுத்தி
வாத்தைக் கத்தவிட்டு
படியிறங்கிப் போனான்.

அன்றைக்குத்தான் உறைத்தது.
உங்களுக்கு ஐந்து குளிர்பெட்டி தந்தோம்,
கைதட்டல் தந்தோம்,
போகவரப் பேருந்துக் கட்டணமும் தந்தோம்.
ஒரு தோல்வியைத் தரவில்லை.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது.
இருபது வருடத்துக்குப் பிறகு.
புகார் இருக்கும் என்று பயந்து பிரித்தேன்.
ஒரே வரி:
‘ஆறாம் இரவின் முதல் கேள்வி என்ன?’

அந்தக் கேள்வியை நாடே கேட்டது, அம்மா,
இரண்டு புதியவர்களிடம் கேட்டோம்,
இருவருக்கும் தெரியவில்லை.
ஆக, அந்த இரவு நீங்கள்
தொலைக்காட்சியைப் போடவில்லை.

நிலவறையில் மூன்று நாள் தேடினேன்.
உறை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
உள்ளே மை கலையவில்லை.

இந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
ஆட்டம் பழைய விதிப்படி.
முழுக்க வாசித்த பிறகுதான் விடை.
பத்து விநாடி.
தவறென்றால் தண்டம் உண்டு,
அதை என்ன என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.
சரியான விடையைத் தனி உறையில் ஒட்டி
இதனோடு வைத்திருக்கிறேன்.
நேரம் பார்க்க ஆளில்லை,
உங்களை நம்புகிறேன்.

திருப்புவதற்கு முன்,
கடையில் யாராவது
இருமல் மருந்துக்குக் காத்திருந்தால்
முதலில் அவரை அனுப்பிவிடுங்கள்.