பால்போல் இருந்தது

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஆறரைக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
வெறும் வயிற்றோடு பன்னிரண்டு பேர்
டீக்கடைப் பக்கம் முகம் திருப்பாமல் நிற்பார்கள்.
பழம்பொரி எண்ணெயில் விழும் சத்தம்
எல்லோருக்கும் கேட்கும்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"
"கஞ்சி."
எல்லோரும் கஞ்சி.
இந்த ஊரில் ராத்திரி எவரும்
மரச்சீனியும் சாளையும் தொடுவதே இல்லை.
பொறிச்ச கோழிக் கடைகள்
யாருக்காக நடுச்சாமம்வரை எரிகின்றனவோ.

நான் ஒன்றும் சொல்வதில்லை.
சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி ஓய்ந்தால்
மேலே தெளிந்து நிற்பது சொல்லும்.
மூன்று நாள் ஓட்ஸுக்குக் கொலஸ்ட்ரால் மசியாது,
அது மாசக்கணக்கில் பற்று எழுதும் கடைக்காரன்.
ட்ரைகிளிசரைடு வேறு ஜாதி:
நேற்று நடந்ததை நாலு பேர் முன்னால் உளறும்.

வின்சிலா டீச்சர் மீனெண்ணெய் மாத்திரை விழுங்குவதை
டாக்டரிடம் மறைப்பார், என்னிடம் சொல்வார்.
எல்டிஎல் சட்டென்று இறங்கிப்போன ஏசுவடியானிடம்
தோண்டித் துருவிக் கேட்டேன்.
பாறசாலையில் வாங்கிய,
புளிக்கவைத்த சிவப்பரிசி மாத்திரை டப்பா.
"அது மருந்தில்ல, அரிசியாக்கும்."
அரிசிதான்.
உள்ளே மருந்தின் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.

ஜஸ்டஸ் வந்தது பதினொரு மணிக்கு.
ரப்பர் தோட்டம் மொத்தமாய் எடுத்து மரம் முறிப்பவர்.
வீட்டுக் கடனுக்கு இன்சூரன்ஸ்,
இன்சூரன்ஸுக்கு ரத்தம்.
நேற்று எட்டு மணிக்குமேல் பச்சத்தண்ணிதான் என்றார்.
அது பொய்யில்லை, உதடு காய்ந்திருந்தது.
இடக்கை மடிப்பில் பிளாஸ்டர்.
"ரத்தம் குடுத்தேன், ஒரு ஆளுக்கு."
வலக்கையில் குத்தினேன்.

சீரம்
முதல் பிழிச்சல் தேங்காய்ப்பால்.
பின்னால் விரலை வைத்தேன், தெரியவில்லை.
மெஷின் சொன்னது: ஐம்பத்தெட்டு.

திரும்ப ஓட்டினேன். ஐம்பத்தாறு.
கன்ட்ரோலைப் போட்டேன்,
அது ஒழுங்காக வெட்கப்பட்டது.
எவ்வளவு கொழுப்போ அவ்வளவு சிவக்க வேண்டும்,
அதுதான் ரீஏஜென்டின் ஒரே வேலை.
இவர் குழாயில் மட்டும்
நிறம் ஏறும் வழியில் யாரோ மறித்துத்
தின்றுகொண்டிருந்தார்கள்.

"அந்தக் கை. உள்ளதைச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம்.
சம்பந்தி துபாய்க்காரர், வெளுத்த ஆள்.
ஆல்பத்தில் அவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.
காலை ஒன்பதரைக்குப் பாறசாலை பார்லரில்
வெளுப்பதற்கு டிரிப்,
குப்பி நிறைய வைட்டமின் சி.
"மூணு தடவ போட்டா மாறுமாம், மோளே."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.
வெளுத்தது என் குழாய்தான்.

"அந்த அம்பத்தெட்ட அப்படியே அடிச்சுக் குடு.
ஏஜென்ட் வெளிய பைக்கில நிக்கான்."

நல்ல எண்.
றாபின்சன் சார் பார்த்தால்
'பின்னென்ன, அனுப்பு' என்பார்.
பாங்குக்குப் பிடிக்கும், ஏஜென்டுக்குப் பிடிக்கும்,
பந்தியில் இரண்டாம் தடவை பிரியாணி வாங்க
இவருக்கும் தைரியம் வரும்.

மாதிரி ஏற்றதல்ல,
பத்து நாள் கழித்து வரவும் என்று எழுதினேன்.
எளவெடுத்த லேப் என்று
கதவைச் சாத்திவிட்டுப் போனார்.
ரூபாயைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள்
ஷட்டருக்கு முன்பே நிற்கிறார்.
நான் வாயெடுக்குமுன்:
"நேத்து ஏழு மணி. நாலு பொறாட்டா.
பீஃப் வறட்டினது, தேங்காக்கொத்து போட்டு.
மோள் குடுத்துவிட்ட அல்வா, அரைக்கிலோல பாதி.
ரெண்டு பெக்."
கொஞ்சம் நிறுத்தி,
"மூணு."

அப்படியே எழுதிக்கொண்டேன்.
கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினார்.
இரண்டு மடிப்பிலும் வெறும் தோல்.

இப்போது குழாய் முப்பத்தேழு டிகிரியில் இருக்கிறது.
கண்ணாடித் தடுப்பில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்.
அடியிலிருந்து மெல்ல ஏறுகிறது.
"சிவக்குதே. இது என் நெறந்தானா?"

பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்கள் என்றேன்.