சாதி நாய்

ஸ்காபரோவில இருந்து அண்ணன்
ஏழு படம் அனுப்பினான்.
ஏழும் சாதி நாய்.
"காசு நான் போடுறன், நீ ஒண்டைத் தெரிவுசெய்.
கேற் இல்லாத வீடு,
பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு."

முதலாவது ஹஸ்கி. கண் ரெண்டும் நீலம்.
முத்தையன்கட்டு வலதுகரையில
ஆடி மாதக் கச்சான் காற்று
கோழியையே வாய் பிளக்க வைக்கும்.
இருக்கிறது ஒரு ஃபான்.
அதுக்குக் கீழ ஏற்கெனவே மூண்டு பேர்.

ரொட்வைலர் ஒரு நாளைக்கு
எவ்வளவு சாப்பிடும் எண்டு கேட்டன்.
அவன் சொன்ன கணக்கை
இராசநாயகத்தார் கடைக் கொப்பியில எழுதினால்
மாதக் கடைசியில
நாய்தான் எங்களை வளர்க்கவேணும்.

பொமேரியன் பரவாயில்லை, சின்னது.
ஆனா இலை விழுந்தாலும் குரைக்குமாம்.
என்ர நிலாமதி
ஒரு தகரம் சரிஞ்சாலே மேசைக்குக் கீழ போறவள்,
பத்தொன்பது வயசிலயும்.
இவருக்கு ரெண்டு காதும் இருக்கு, கேக்காது.
கச்சான் தோட்டத்தில காவல் கிடக்கேக்க
பன்றி வந்தால்
குரைக்கிற நாயால அவருக்கு என்ன லாபம்?
சாரத்தைப் பிடிச்சு இழுக்கிற நாய் வேணும்.
அப்பிடி ஒரு சாதி இருக்கோ எண்டு கேட்டன்.
அண்ணன் கொஞ்சநேரம் தேடினான்.
"பழக்கினால் எல்லாம் செய்யும்" எண்டான்.

ஆறாவது படம்.
செம்மண் நிறம், கறுத்த மூஞ்சை, நிமிர்ந்த காது.
இதை எனக்குத் தெரியும்.
நாங்கள் முகாமால வந்த வருசம்
இந்தக் காணிக்குள்ள
நீளக் கயிற்றில வந்தது.
தனி ஜீப். பையில தனிச் சாப்பாடு.
தண்ணிக்கு அதுக்கெண்டு ஒரு கிண்ணம்.
மண்டையோட்டுப் பலகைக்கு இந்தப் பக்கம்
ரோட்டுக்கரையில நிண்டு,
எங்கட வளவை அது மணந்து மணந்து போறதைப் பார்த்தம்.
இப்ப முருங்கை நிக்கிற இடத்தில
சத்தமில்லாமல் இருந்தது.
அவ்வளவுதான். ஒரு நாய் இருந்தது.
நிண்ட ஆக்கள் எல்லாம் மூச்சை நிப்பாட்டினம்.

"மூளைக்காரச் சாதி, அதை எடு" எண்டான்.
வேண்டாம் எண்டன்.
அது வந்து
முத்தத்தில எங்கையாவது இருந்தால்
நான் என்னண்டு நினைக்கிறது?
நாய் களைச்சும் இருக்கும்தானே.

கடைசியில ஒட்டுசுட்டானில,
கூட்டுறவுக் கடை லொறிக்குக் கீழ அஞ்சு குட்டி.
நாலு ஓடிவந்து செருப்பை நக்கிச்சு.
ஒண்டு வரேல்லை.
நிலாமதி குந்தியிருந்து அதைப் பார்த்தாள்.
அது அவளைப் பார்த்தது.
டிரைவர் ஹோன் அடிச்சான்.
ரெண்டும் ஒரே நேரத்தில துள்ளிச்சுதுகள்.
"இது" எண்டாள்.
"பயந்தது காவலுக்கு உதவாது பிள்ளை" எண்டு சொன்னன்.
சொல்லிப்போட்டு
அவளின்ர முகத்தைப் பார்க்கேல்லை.

மூண்டு மாதம்.
குரைக்கிறது எல்லாம் பிழையான நேரம்.
பன்றி வந்தால்
கொட்டிலுக்குள்ள ஓடி
இவரின்ர சாக்குக்கட்டிலுக்குக் கீழ ஒளிக்குது.
அது நடுங்க, கட்டில் ஆடுது.
கட்டில் ஆட, இவர் எழும்புறார்.

நேற்று முருங்கையடியைத் தோண்டிச்சு.
கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச கடதாசி
முத்திரையோட அலுமாரிக்குள்ள கிடக்கு.
தெரியும். தெரிஞ்சும்
எனக்குக் காலும் வரேல்லை, வாயும் வரேல்லை.
மண் பறக்குது. வால் ஆடுது.

ஒரு கரண்டியைக் கவ்விக்கொண்டு வந்தது.
எவர்சில்வர், பிடியில ஒரு பூ.
எங்கட வீட்டுக் கரண்டி இல்லை.

"என்ன சாதி எடுத்தனி?"
அண்ணன் ரெண்டு தரம் கேட்டு எழுதியிருக்கிறான்.
பதில் போடவேணும்.
கரண்டியைச் சாம்பல் போட்டு மினுக்கி
ஜன்னல் கட்டில வைச்சிருக்கிறன்.
ஆரும் தேடி வந்தால் குடுக்கலாம்.