நோ கிளைம்

உள்துறைமுக வீதி. மேல்மாடி. குளிர்.
றெஜினா மிஸ் என் வான் இலக்கத்தைத் தட்டுகிறா;
திரையில் நான் ஏறி வருகிறேன்
வருசம் வருசமாக.

இருபத்திரண்டு: விபத்து இல்லை.
"நல்ல ஓட்டம் அண்ணை."
ஓட்டம் எங்கே பிள்ளை,
அந்த வருசம் டீசல் வரிசையில்
அனுராதபுரச் சந்தி மட்டும்
கையால் தள்ளின வண்டி அது.
அதற்கும் கழிவு தந்தீர்கள், வாங்கினேன்.

இருபத்திமூன்று: கிளைம் ஒன்று.
பின் பம்பர். "சடுதியான பிரேக்."
காரணம் என்ற கட்டத்துக்குள்
புள்ளிமான் கொள்ளவில்லை.
பஸ் நிலையத்தடியில், நடு ரோட்டில்,
வாழைப்பழத் தோலை மென்றபடி
லைசென்ஸ் கேட்பதுபோலப் பார்த்தது.
பின்னால் வந்த ஆட்டோ அதைப் பார்க்கவில்லை.

"இதில இல்லாதது ஏதும்?"

வீட்டுக் கேற்றுத் தூணை
றிவேசில் சாய்த்தது இருக்கிறது.
வெல்டிங் கடைக்கு நாலாயிரம்,
மனைவிக்கு ஒரு பொய்.
"இல்லை மிஸ்."
பிரின்டர் நம்பிவிட்டது.

கீழே வந்தால்
வானின் நிழலில் ஒரு மான்,
அதுவோ, வேறொன்றோ.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
ஹோர்ன் அடிக்காமல்
நிற்கிறேன்.
இது எந்தக் கணக்கிலும் ஏறாது.