யாரு வச்ச விதி

வங்கித் தேர்வில் மூன்று மதிப்பெண் குறைந்ததால்
பி.எட். சேர்ந்தேன்.
நேர்காணலில் இதைச் சொல்லவில்லை.
"பிள்ளைகள் என்றால் பிடிக்கும்" என்றேன்.
எனக்கு முன்னால் போனவளும்
அதையேதான் சொல்லியிருந்தாள்.

நுண்நிலைக் கற்பித்தல், ஆறு நிமிடம்.
தோழிகளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிப்பார்கள்.
ஒருத்தியும் சந்தேகம் கேட்கமாட்டாள்.
கேட்டால் அவள் முறையில் நாங்கள் கேட்போம்.
பாடத்திட்ட நோட்டில் ஐந்து கட்டம்,
கடைசிக் கட்டம் மதிப்பீடு.
சிவப்பில் கோடு போடுவேன்.
கோடு போடுவதில் எனக்கு நல்ல பெயர்.

பயிற்சிக்குக் கிடைத்தது
கருங்கல் பக்கத்தில் ஒரு பள்ளி.
ஆனி மழை, ஒழுகும் ஓட்டுக்குக் கீழே வாளி.
ஏழு 'பி', முழுக்கள்.
பின்பெஞ்சில் மதிப்பெண் தாளோடு ரோஸ்லெட் மேடம்.

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ்.
எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

"ஏன் டீச்சர்?"
மூன்றாம் வரிசை ரெஜினிஷா,
பின்னல் நுனியில் இன்னும் ஈரம்.

"அது விதி."

"யாரு வச்ச விதி?"

குரலில் கிண்டல் இல்லை.
இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.
வாளியில் சொட்டியது, மறுபடி சொட்டியது.
எம்.எஸ்சி. கணிதம், ஐந்து வருடம்.
யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

"எனக்குத் தெரியாது மக்கா. நாளைக்குச் சொல்லுதேன்."
மேடத்தின் பேனா அசைந்தது.

பேருந்தின் ஜன்னல் ஆவியில்
விரலால் எழுதினேன், அழித்தேன், எழுதினேன்.
மார்த்தாண்டம் எப்போது போனது?
நிமிர்ந்தபோது களியக்காவிளை,
எதிரே மலையாளத்தில் ஒரு நகைக்கடைப் பலகை.
"எல்லாரும் எறங்கியாச்சு பிள்ளே" என்றார் கண்டக்டர்.
திரும்பும் வண்டிக்கு நாற்பது நிமிடம்.
நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி,
தின்று, தாளைப் பிரித்து
அதிலும் போட்டேன்.

மறுநாள் பலகையில் ஒவ்வொரு படியாக இறங்கினேன்:
மூன்று முறை மைனஸ் இரண்டு, ஆறு குறைவு.
இரண்டு முறை, நாலு குறைவு.
ஒரு முறை. பூஜ்யம் முறை.
இன்னும் ஒரு படி இறங்கினால்?

"ரெண்டு கூடும்" என்றது பாதி வகுப்பு.
ரெஜினிஷா சொல்லவில்லை.
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
பிறகு,
"கடன் மாதிரியா டீச்சர்?
ரெவ்வெண்டு ரூவா கடன்.
அதுல மூணக் களஞ்சா
ஆறு ரூவா நமக்கு மிச்சம்."

அவள் அம்மாவுக்கு அண்டியாபீசில் வேலை.
செவ்வாய்தோறும் குழு லோன்காரர் வருவாராம்.

"எங்க வீட்ல ஒருத்தரும் களஞ்சதில்ல" என்றாள்.
"கணக்குலதான் நடக்கும்."
வகுப்பு சிரித்தது, அவளும் சிரித்தாள்.
நான் பலகைப் பக்கம் திரும்பி
அழிப்பதற்கு எதுவுமில்லாத இடத்தை
அழித்துக்கொண்டிருந்தேன்.

கரும்பலகைக் கையெழுத்து: நன்று.
வினாக்களைக் கையாளுதல்: பத்துக்கு நாலு.
நியாயமான மார்க்.

வங்கித் தேர்வை மறுபடி அறிவித்திருந்தார்கள்.
கடைசித் தேதி போய் ஒரு வாரம் கழித்து
வேறு யாரோ சொல்லித் தெரிந்தது.
அந்தச் சிப்ஸ் தாள் பாடத்திட்ட நோட்டுக்குள்ளேயே கிடக்கிறது.
எண்ணெய் ஊறி ஊறி
ஐந்து கட்டமும் இப்போது
ஒன்றுக்குள் ஒன்று தெரிகிறது.